ஒரு நாட்டின் நிலமும் காலனி வரலாறும் நாவலாசிரியருக்கு எப்படி உந்துதல் தருகின்றன?

இலங்கை மலையகத்தை வைத்துச் சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான நிலம் எனக்குத் தெரியவில்லை.

அங்கே நிலத்தையும் வரலாற்றையும் பிரிக்கவே முடியாது. 1815-இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிறகு காட்டை அழித்துக் காப்பி நட்டார்கள். 1869-இல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் தென்பட்டது. சில பத்தாண்டுகளில் காப்பி அழிந்து மலையெங்கும் தேயிலை வந்துவிட்டது. இன்று சுற்றுலாப் பயணி ரசிக்கும் அந்தப் பச்சைச் சரிவு இயற்கை தந்ததல்ல. தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்தே வந்தவர்களின் உழைப்பு அது. வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

நாவலாசிரியருக்குக் கரு இப்படிப்பட்ட இடத்தில்தான் கிடைக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஓர் அறையைப் பாருங்கள்: ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், இந்த வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். விடியுமுன், வேலைக்குக் கூடும் இடமான பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்க வேண்டும். 'பிரட்டு' என்ற சொல்லே 'பரேட்'டின் திரிபு. கங்காணி (மேற்பார்வையாளர்), துரை (தோட்ட அதிகாரி), பிரட்டு என்று பேச்சுக்குள்ளேயே அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது. அருவிக்குக்கூட டெவன், செயின்ட் கிளேர் என்றுதான் பெயர்.

1948-இல் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இவர்களில் யார் இந்தியா திரும்புவது, யார் இலங்கையில் தங்குவது என்பது பற்றிய 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தம் பல குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. அண்ணன் கப்பலேற, தம்பி அதே மலையில் கொழுந்து பறிக்கிறான். எழுத உட்காருபவர் அந்தத் தம்பியின் பக்கத்தில் போய் நின்றால் போதும், கதை அங்கிருந்தே தொடங்கிவிடும்.