டிஃபெண்டர் அடித்த ஒரு கோல்

கேள்வி: என் மகள் பள்ளி கால்பந்து அணியில் டிஃபெண்டர். கோல் அடிப்பவர்களுக்குத்தான் பெயர் கிடைக்கிறது, முன்னால் விடச் சொல்லுங்கள் என்று அடம்பிடிக்கிறாள். பின்வரிசையில் ஆடிய ஒரு பெண்ணைப் பற்றி எழுதினால் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.
– ஓர் அம்மா, சேலம்

பதில்: மைய்யா சாரியைப் பற்றிச் சொல்கிறேன். பின்லாந்து பெண்கள் அணியின் டிஃபெண்டர், 1986-இல் பிறந்தவர், சுவீடனின் ஏ.ஐ.கே. கிளப்புக்கும் ஆடியவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கோல் அடித்துப் பெயர் வாங்கியவர் அல்ல. ஆனால் பின்லாந்து மறக்காத ஒரு கோல் அவருடையது.

2009-இல் பெண்கள் யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துக் கோப்பை, பின்லாந்தில் நடந்தது. ஆகஸ்ட் 23, ஹெல்சிங்கி ஒலிம்பிக் ஸ்டேடியம், எதிரில் டென்மார்க். சொந்த நாட்டில், சொந்த ஜனங்கள் முன்னால் முதல் ஆட்டம் என்றால் காலில் ஒரு பாரம் இருக்கும், அது முதல் பாதி முழுக்கத் தெரிந்தது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. இடைவேளை முடிந்து வந்த கொஞ்ச நேரத்தில், 49-வது நிமிடத்தில், ஃப்ரீ கிக் எடுக்க வந்தார் சாரி. அப்போது வயது 23. பந்து வலைக்குள் போனது. ஆட்டம் 1-0 என்று முடிந்தது.

அந்தக் கோலைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். நான் உங்கள் மகளுக்குச் சொல்ல நினைப்பது அதற்குப் பிறகு வந்த 41 நிமிடத்தைப் பற்றி. கோல் அடித்தவர் ஒரு ஃபார்வர்டு என்றால் அவர் வேலை பாதி முடிந்தது, கொண்டாடிவிட்டு அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்கலாம். சாரியோ நேராகத் தன் பின்வரிசைக்கு ஓடி, தான் அடித்த கோலைத் தானே காவல் காக்க வேண்டும். டென்மார்க் சும்மா இருக்குமா? பின்வரிசையின் நாலு பேரும் ஒரே கோட்டில் நிற்கிறார்களா, ஒருத்தி மட்டும் அரை அடி பின்தங்கினால் எதிராளி ஆஃப்சைடு ஆகாமல் தப்பிவிடுவாளே, எதிராளியை நடுவில் விடாமல் ஓரத்துக்குத் தள்ள வேண்டுமே, பந்தையும் பார்க்க வேண்டும் முதுகுக்குப் பின்னால் ஓடுகிறவளையும் பார்க்க வேண்டும், இத்தனைக்கும் நடுவில் பக்கத்தில் நிற்பவளிடம் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதில் எதுவும் ஸ்கோர் போர்டில் வராது. டென்மார்க் பக்கம் இருந்த அந்த பூஜ்யம்தான் வரும். அது டிஃபெண்டர்கள் எழுதியது.

மகளிடம் ஒரு நோட்டு கொடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் தான் தடுத்ததை எண்ணி எழுதட்டும். பத்து ஆட்டம் முடிந்த பிறகும் முன்னால் போக வேண்டும் என்றால், சரி, போகட்டும், அதில் தப்பில்லை.

கேள்வி: அந்த யூரோவில் பின்லாந்து கோப்பையை வென்றதா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. அடுத்து நெதர்லாந்தை 2-1 என்று வென்றார்கள், உக்ரைனிடம் 0-1 என்று தோற்றாலும் பிரிவில் முதலிடம். துர்க்கு நகரில் கால் இறுதி, இங்கிலாந்துடன். 28-வது நிமிடத்திலேயே இங்கிலாந்தின் கேசி ஸ்டோனிக்கு ரெட் கார்டு, அதன் பிறகு எதிரில் 10 பேர்தான். அப்படியும் 2-3 என்று தோற்றார்கள். 66-வது நிமிடத்தில் அன்னிகா ஷோலுண்ட் ஒரு கோல் அடித்து 1-2 என்று ஆக்கினார், ஸ்டேடியமே எழுந்து நிற்கிறது, மறு நிமிடமே எனி அலுகோ இங்கிலாந்தின் மூன்றாவது கோலை அடித்துவிட்டார். கோல் அடித்த சந்தோஷத்தில் இருக்கும் அணியின் பின்வரிசைதான் மைதானத்திலேயே மிகவும் ஆபத்தான இடம். 79-வது நிமிடத்தில் லிண்டா சால்ஸ்ட்ரோம் இன்னொன்று அடித்தும் போதவில்லை. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாத ஆட்டம் அது. கோப்பை ஜெர்மனிக்கு, இறுதியில் இங்கிலாந்தை 6-2 என்று வென்றது.

கேள்வி: டிஃபெண்டர் சேம் சைடு கோல் போட்டுவிட்டால் அவர் கதை அத்தோடு முடிந்ததா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: முடியாது. இதற்கும் பின்லாந்திலிருந்தே ஒரு உதாரணம் இருக்கிறது. 2005 யூரோ இங்கிலாந்தில் நடந்தது, பின்லாந்து பெண்கள் முதன்முறையாகத் தகுதி பெற்று வந்திருந்தார்கள். முதல் ஆட்டம் மான்செஸ்டரில், 29,092 பேர் முன்னிலையில், போட்டியை நடத்தும் இங்கிலாந்துடனேயே. 18-வது நிமிடத்தில் டிஃபெண்டர் சன்னா வால்கோனன் காலில் பட்டுப் பந்து சொந்த வலைக்குள் போய்விட்டது. ஒரு நாட்டின் முதல் பெரிய போட்டி, முதல் ஆட்டம், முதலில் விழுந்த கோல் சேம் சைடு! யாராக இருந்தாலும் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றுதான் தோன்றும். 0-2 வரை போய், பிறகு மீண்டு 2-2 என்று சமன் செய்து, கடைசி நிமிடத்தில் 17 வயது கேரன் கார்னி அடித்த கோலில் தோற்றார்கள்.

மூன்று நாள் கழித்து சுவீடன். 2003 உலகக் கோப்பை இறுதி வரை போன சுவீடன். அந்த ஆட்டத்தில் பின்லாந்தின் பின்வரிசை ஒரு கோலைக்கூட விடவில்லை, 0-0. அப்புறம் டென்மார்க்கை 2-1 என்று வென்று அரையிறுதிக்கே போய்விட்டார்கள். அங்கே ஜெர்மனி 4-1 என்று வென்றது, அது வேறு விஷயம். முதல் நாள் சேம் சைடு கோலோடு தொடங்கிய அணி ஐரோப்பாவின் முதல் நாலு அணிகளில் ஒன்றாக ஊர் திரும்பியது.

கேள்வி: ‘சாரி’ என்ற பெயருக்கு அர்த்தம் உண்டா? பின்லாந்து அணிக்குப் பட்டப்பெயர் ஏதாவது இருக்கிறதா?
– வாசகி, திருச்சி

பதில்: பின்னிஷ் மொழியில் சாரி என்றால் தீவு. பட்டப்பெயருக்குப் பின்னால் ஓர் ஆந்தைக் கதை இருக்கிறது. 2007 ஜூனில் ஆண்கள் அணி ஹெல்சிங்கியில் பெல்ஜியத்துடன் ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய ஆந்தை பறந்து வந்து கோல் போஸ்ட் மேல் உட்கார்ந்துகொண்டது, ஆட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. பின்லாந்து 2-0 என்று வென்றது. அந்த ஆந்தை வகையின் பெயரே ஆண்கள் அணிக்கு ஒட்டிக்கொண்டது. பெண்கள் அணிக்கு ‘ஹெல்மாரித்’, அதுவும் இன்னொரு சின்ன ஆந்தையின் பெயரிலிருந்து வந்தது. அந்த ஆந்தைப் பெயரில் இருக்கும் ‘ஹெல்மி’ என்ற சொல்லுக்கு முத்து என்று பொருள்.

கேள்வி: அங்கே பெண்கள் அணியை ஆண்கள் அணிக்குச் சமமாக நடத்துகிறார்களா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: தேசிய அணி ஒப்பந்தத்தில், ஆம். 2019-இல் பின்லாந்து கால்பந்து சங்கம் இரண்டு அணிக்கும் ஒரே மாதிரி ஒப்பந்தம் போட்டது. 2020-இல் பெண்கள் லீக்கின் பெயரிலிருந்து ‘பெண்கள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, வெறுமனே ‘தேசிய லீக்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இது. பெண்கள் யூரோ அரையிறுதி வரை போனது 2005-இல், ஆண்கள் முதல்முறையாக யூரோவில் கால் வைத்தது 2021-இல். முதலில் போய்ப் பாதை போட்டவர்கள் யார் என்பதைச் சங்கம் கடைசியில் கணக்கில் எடுத்துக்கொண்டது.

கேள்வி: உலகக் கோப்பையில் ஆடியிருக்கிறார்களா?
– வாசகர், மதுரை

பதில்: 2023 வரை நடந்த ஒன்றில்கூட இல்லை.

கேள்வி: சாரிக்கு அப்புறம் அந்த அணியில் யாரைப் பார்க்கலாம்?
– வாசகி, ஈரோடு

பதில்: நட்டாலியா குயிக்கா. அவரும் டிஃபெண்டர். 2025 யூரோ, ஜெனீவாவில் சுவிட்சர்லாந்துடன் கடைசிப் பிரிவு ஆட்டம், வென்றால்தான் பின்லாந்துக்குக் கால் இறுதி, சுவிட்சர்லாந்துக்கு டிரா போதும். 79-வது நிமிடத்தில் பெனால்டி, குயிக்கா அடித்தார், 1-0. 90 நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்காகச் சேர்த்த நேரத்தின் இரண்டாவது நிமிடத்தில் ரியோலா ஜெமாய்லி சமன் செய்துவிட்டார். பின்லாந்து வெளியே.

சேலத்து அம்மா, உங்களுக்கும்தான் சொல்கிறேன், அந்த 13 நிமிடத்தின் வீடியோ கிடைத்தால் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். பந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டாம், பின்லாந்தின் பின்வரிசையை மட்டும் பாருங்கள்.