கேள்வி – பதில்: தோற்றுவிடுவோமோ என்னும் பயம்

கேள்வி: நான் மேலூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன். பொறியியல் முடித்துவிட்டு, மதுரையில் அறை எடுத்துத் தங்கி அரசுத் தேர்வுகளுக்குப் படித்து வருகிறேன். குரூப் 2 தேர்வில் இரண்டு முறை முதல்நிலையில் தேறியும் முதன்மைத் தேர்வில் தவறிவிட்டேன். ஊருக்குப் போனால், ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போதே "ரிசல்ட் என்னாச்சு தம்பி?" என்று கேட்கிறார்கள். எனக்கு விசுவாசம் குறைவாக இருப்பதால்தான் இப்படி நடக்கிறது என்று ஜெபக்குழுவில் ஒருவர் சொல்லிவிட்டார். அடுத்த அறிவிப்பு வந்துவிட்டது. விண்ணப்பத்தைத் திறக்கவே கை வரவில்லை. மறுபடியும் தோற்றால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? ஜெபிக்கவும் பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தை விசுவாசத்தினால் மேற்கொள்வது எப்படி?
– வாசகர், மேலூர் வட்டம்

பதில்: அன்புள்ள தம்பி, ஜெபக்குழுவில் கேட்ட அந்தச் சொல்லை முதலில் இறக்கி வையுங்கள். எபிரெயர் 11ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். விசுவாசத்தினாலே பட்டயத்துக்கு, அதாவது வாளுக்கு, தப்பியவர்களை 34ஆம் வசனம் சொல்கிறது. அதே விசுவாசத்தோடு பட்டயத்தால் வெட்டப்பட்டு மரித்தவர்களை 37ஆம் வசனம் சொல்கிறது. இரு சாராரையும் ஒரே பட்டியலில் வைத்து, எல்லாரும் நற்சாட்சி பெற்றார்கள் என்றே அந்த நிருபம் முடிவு கூறுகிறது. அப்போஸ்தலனாகிய பவுலும் தம் மாம்சத்திலிருந்த முள், அதாவது தம்மை வாட்டிய ஒரு துன்பம், நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. தேர்வு முடிவை வைத்து ஒருவருடைய விசுவாசத்தை அளப்பதற்கு வேதத்தில் இடமில்லை. சோர்ந்திருக்கும் ஒரு பிள்ளையிடம் அப்படிப் பேசுவது அன்புமல்ல என்பதைச் சபையார் அனைவருக்கும் வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "ஜெபிக்கவும் பயமாக இருக்கிறது" என்பதுதான். தேர்வைப் பற்றிய பயம் தேவனைப் பற்றிய பயமாக மாறிவிட்டது என்பதை அந்த வரி காட்டுகிறது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமையை நாம் பெரும்பாலும் உழைப்பையும் சோம்பலையும் பற்றியதாகவே கேட்டிருக்கிறோம். பயணம் போகிற எஜமான் தன் பணத்தை ஊழியக்காரரிடம் ஒப்புவிக்கிறான்; ஒரு தாலந்து பெற்றவன் மட்டும் அதை நிலத்தில் புதைத்துவிடுகிறான். ஒரு தாலந்து என்பது அக்காலத்துக் கூலியாளின் பதினைந்து ஆண்டுச் சம்பளத்துக்கும் மேலான தொகை. அவ்வளவு பணத்தை அந்த ஊழியக்காரன் ஏன் புதைத்தான் என்று பாருங்கள். அவனே காரணம் சொல்கிறான்: எஜமான் "கடினமுள்ள மனுஷன்" என்று எண்ணினான், ஆகையால் பயந்துபோய்ப் புதைத்தான். வியாபாரத்தில் நட்டப்பட்டதற்காக அந்த உவமையில் எவனும் தண்டிக்கப்படவில்லை. எஜமானைத் தவறாகப் புரிந்துகொண்டு கையையே நீட்டாமல் இருந்தவன்தான் கடிந்துகொள்ளப்படுகிறான். உங்கள் மனத்திலும், விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு உங்களை ஏற்பதா தள்ளுவதா என்று யோசிக்கிற ஒரு தேவன் எப்படியோ குடியேறிவிட்டார் என்று அஞ்சுகிறேன்.

இயேசுவின் பிதா அப்படிப்பட்டவர் அல்லர். யோர்தான் நதியில் இயேசு ஞானஸ்நானம் பெற்று, "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்ற சத்தம் உண்டானபோது, இயேசு இன்னும் ஒரு பிரசங்கமும் செய்திருக்கவில்லை. ஒரு குருடனுடைய கண்ணையும் திறந்திருக்கவில்லை. சீஷன் என்று ஒருவனும் அவர் பின்னே வரவில்லை. அங்கீகாரம் முதலில் வந்தது, ஊழியம் அதற்குப் பிறகு தொடங்கியது. நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் 5:8 கூறும்போது, அதே வரிசை நமக்கும் உறுதியாகிறது. ஆகவே, நீங்கள் தேர்வறைக்குள் போவது ஏற்கெனவே பிள்ளையாக ஏற்றுக்கொள்ளப்பட்டவராகவே. மதிப்பெண் கூடினால் அந்த உறவு கூடுவதுமில்லை, குறைந்தால் குறைவதுமில்லை. விசுவாசம் பயத்தை மேற்கொள்ளும் இடம் இதுதான் என்று நான் நம்புகிறேன். அடுத்த முறை நிச்சயம் தேறிவிடுவீர்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படி ஒரு வாக்கை வேதமும் உங்களுக்குக் கொடுக்கவில்லை.

மாற்கு என்னும் யோவானையும் நினைத்துப் பாருங்கள். பவுலோடும் அவருடைய உடன் ஊழியர் பர்னபாவோடும் ஊழியப் பயணம் புறப்பட்ட அந்த வாலிபர், பம்பிலியாவிலிருந்த பெர்கே பட்டணத்தில் பாதியிலேயே விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த பயணத்துக்கு அவரை அழைத்துப்போகப் பவுல் ஒப்பவில்லை. அதன் பொருட்டுப் பர்னபாவும் பவுலுமே பிரியும் அளவுக்கு வாக்குவாதம் முற்றியது. பர்னபா மட்டும் தம் இனத்தானாகிய மாற்குவைக் கைவிடாமல் சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்கு அழைத்துச் சென்றார். ஆண்டுகள் கழிந்தபின், சிறையிலிருந்து எழுதும் பவுல், "ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்", அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று தீமோத்தேயுவிடம் கேட்கிறார். இரண்டாவது சுவிசேஷத்தை எழுதியவர் இவரே என்பது திருச்சபையின் பழைய மரபு. உங்களுக்கும் ஒரு பர்னபா வேண்டும், தம்பி. தேர்வைப் பற்றிக் கேளாமல் உங்களைப் பற்றிக் கேட்கும் ஒருவரை, போதகரையோ மூத்த நண்பரையோ, தேடிப் போய் மனத்தைத் திறந்து பேசுங்கள்.

பலன் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு மதுரைக்குப் புதிதல்ல. 1606இல் இயேசு சபைக் குருவான இராபர்ட் தெ நொபிலி இங்கு வருவதற்கு முன்பே, கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற குரு பத்தாண்டுக்கும் மேலாக இவ்வூரில் ஊழியம் செய்து, கோயிலும் பள்ளியும் மருந்தகமும் நடத்தினார். ஆயினும் உள்ளூர் மக்களிடையே அவர் செய்தி வேர்கொள்ளவில்லை. உள்ளூர் மக்களின் நடையுடைகளைத் தாமும் ஏற்று ஊழியம் செய்த நொபிலியின் வழிமுறைகளோ அவருடைய சபைக்குள்ளேயே எதிர்ப்பைச் சந்தித்து, 1619இல் கோவாவில் விசாரிக்கப்பட்டு, 1623இல்தான் ரோமிலிருந்து அனுமதி பெற்றன. அந்த ஆண்டுகளில் இவ்விருவரையும் எடைபோட்டவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி செய்ய வேண்டியவை. 13ஆம் சங்கீதத்தை உங்கள் ஜெபமாகவே சொல்லுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று முறையிடும் உரிமை தேவபிள்ளைகளுக்கு உண்டு. அப்பாவிடம் முடிவு வருமுன்பே பேசுங்கள். நிலத்தில் பாடுபடுகிறவராக இருந்தால், மழை பொய்த்த ஆண்டுக்குப் பிறகும் விதைநெல்லைக் கையில் எடுப்பது எப்படிப்பட்டது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். விண்ணப்பத்தை நண்பர் ஒருவரோடு அமர்ந்து பூர்த்தி செய்யுங்கள். முதன்மைத் தேர்வில்தான் இரு முறையும் தவறியிருக்கிறீர்கள் என்பதால், விரிவாக எழுதும் விடைகளை அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டித் திருத்தம் பெறுவதும் அவசியம். உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் குலைந்திருந்தாலோ, உயிர் வாழ்வதே வீண் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, தாமதிக்காமல் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாது.

கேள்வி: மதிப்பெண் குறைந்தால் இயேசப்பா வருத்தப்படுவார் என்று சொல்லியே மகளை வளர்த்தேன். பத்தாம் வகுப்புக்கு வந்தபின், ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும் அழுகிறாள். என்ன செய்வது?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: அன்புள்ள சகோதரி, நல்ல எண்ணத்தோடுதான் சொன்னீர்கள். ஆனால் மேலே நான் எழுதிய கடினமுள்ள எஜமானின் உருவம் அந்தப் பிள்ளையின் மனத்தில் பதிந்துவிட்டது. "நான் அப்படிச் சொன்னது சரியல்ல, உன் மதிப்பெண்ணைப் பார்த்தல்ல ஆண்டவர் உன்னை நேசிப்பது" என்று அவளிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். விடைத்தாள் வரும் நாளில் மதிப்பெண்ணைக் கேட்குமுன் சாப்பாடு போடுங்கள். அவளோடு ஜெபிக்கும்போது, நல்ல மதிப்பெண்ணுக்காக மட்டுமன்றி, அவள் பிறந்ததற்காகவும் நன்றி சொல்லுங்கள். அதை அவள் காதால் கேட்கட்டும்.

கேள்வி: தையல் கடை வைக்க ஆசை. கடன் வாங்கப் பயமாக இருக்கிறது. இதுவும் அவிசுவாசமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: இல்லை, சகோதரி. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14:28இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். கடை வாடகை, இயந்திரம், மாதத் தவணை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வேலை வராத மாதங்களிலும் தவணை கட்ட வழி இருக்குமானால் துணிந்து தொடங்குங்கள். இல்லையென்றால் வீட்டிலேயே ஓர் இயந்திரத்தோடு ஆரம்பித்து, வாடிக்கையாளர்கள் சேர்ந்தபின் கடைக்குப் போகலாம்.