சிவப்பு மைப் பக்கம்

கேள்வி: எனக்கு வயது 56. சின்ன வயதில் கடன்காரர்கள் வாசலில் வந்து நின்றதும், அப்பா உள்ளறையில் ஒளிந்துகொண்டதும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதனால் கல்யாணமான நாளிலிருந்து 27 வருடமாகத் தினமும் இரவு கணக்கு நோட்டு எழுதுகிறேன். குழப்பம் வராமல் இருக்க என் செலவு நீல மை, மனைவி செலவு சிவப்பு மை. ஆத்திர அவசரத்துக்கென்று பீரோவில் ரொக்கமும் சேர்த்து வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும் என் மகளோ, வந்த வேகத்தில் சம்பளத்தைக் கரைக்கிறாள். வாங்கிய பொருளின் விலையைக் கேட்டால் பாதிதான் சொல்கிறாள். சேமிக்கும் பழக்கத்தை அவளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பதில்: மகளை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தச் சிவப்பு மைக்கு வாருங்கள்.

அரை வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். அப்படி என்ன குழப்பம் ஐயா? மகளின் பள்ளிக் கட்டணத்தை உங்கள் மனைவி போய்க் கட்டினால் அது எந்த மை? உங்கள் காய்ச்சலுக்கு அவர் வாங்கி வந்த மாத்திரை? கடைக்குப் போனவர் அவர் என்பதால் வீட்டுச் செலவு முழுக்க அவர் தலையில் சிவப்பாக ஏறியிருக்கும். உங்கள் பக்கத்தில் பஸ் டிக்கெட்டும் முடிவெட்டும் நீலமாக, அடக்கமாக உட்கார்ந்திருக்கும். மாதக் கடைசியில் இரண்டையும் கூட்டி, யார் சிக்கனம் என்று தீர்ப்பும் சொல்லியிருப்பீர்கள். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

கணக்கென்று வந்துவிட்டதால் சொல்கிறேன். 1494-ல் வெனிஸில் அச்சான தன் கணிதப் புத்தகத்தில் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார் லூக்கா பசியோலி என்ற துறவி. ஒரு இடத்தில் பற்று எழுதினால் இன்னொரு இடத்தில் வரவு எழுதியே ஆகவேண்டும். உங்கள் மனைவி பெயரில் 27 வருடப் பற்று இருக்கிறது. சமைத்தது, துவைத்தது, ராத்திரி கண்விழித்துப் பிள்ளையைப் பார்த்தது, இதற்கெல்லாம் வரவு எங்கே? அதற்கு மை வாங்க மறந்துவிட்டீர்களா?

அதே புத்தகத்தில் ஒரு குறுக்குவழியும் உண்டு. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். விலைவாசிக்கும் இதே கணக்குதான். வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் விலை இரண்டு மடங்கு, 24 வருடத்தில் நாலு மடங்கு. அப்படிப் பார்த்தால், கல்யாணமான புதிதில் பீரோவில் வைத்த பணத்துக்கு இன்று கால்வாசி மதிப்புகூட மிஞ்சாது. அந்த நஷ்டத்தை எந்த மையில் எழுதினீர்கள்? அவசரத்துக்குக் கொஞ்சம் கையில் இருக்கட்டும். மீதியை வட்டி வரும் இடத்தில், மனைவி பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

சரி, இப்போது மகள். விலையைப் பாதியாகச் சொல்வதை அவள் எங்கே கற்றாள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு செருப்பு வாங்கினால்கூட அம்மா விலையைக் குறைத்துச் சொல்லி, மிச்சத்தை அடுத்த வார மளிகைக் கணக்கில் நுழைத்ததைப் பார்த்து வளர்ந்திருப்பாள். கடன்காரர்களுக்குப் பயந்து உங்கள் அப்பா ஒளிந்தார். உங்களுக்குப் பயந்து இவர்கள் இருவரும் ஒளிகிறார்கள்.

என்னைப் பழைய ஆள் என்று சொன்னாலும் பரவாயில்லை, புருஷன் பணம் பெண்டாட்டி பணம் என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது. சம்பாதிக்கும் பிள்ளை வீட்டுக்கு ஒரு பங்கு தரத்தான் வேண்டும். அதை மகளிடம் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மிச்சச் சம்பளத்துக்கு பில் கேட்காதீர்கள்.

நோட்டை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் எழுதுகிறவள்தான். இன்று இரவு அதை மனைவி கையில் கொடுங்கள். ஒரு மாதம் அவர் எழுதட்டும், உங்கள் செலவையும் சேர்த்து. மகளும் பக்கத்தில் உட்காரட்டும். எந்தப் பேனா என்று மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள்.