ஹார்பர் நமக்கு என்ன செய்தது?

அன்புள்ள ஐயா,

வ.உ.சி. பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எனக்குக் கல்லிடைக்குறிச்சி. தூத்துக்குடி துறைமுகம் என்றதும் நினைவுக்கு வருவது வரிசையாகப் போகும் கண்டெய்னர் லாரிகள், கரித்தூசி, 'கடத்தல் பொருள் பிடிபட்டது' என்ற பேப்பர் செய்தி, இவ்வளவுதான். மாவட்டமும் பிரிந்துவிட்டது. அந்தத் துறைமுகத்தால் நெல்லைக்காரர்களுக்கு என்ன லாபம்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாவட்டம் பிரிந்தது 1986-ல். ஆனால் உங்கள் ஊர் ஆறுதான் அந்தத் துறைமுகத்தை இடம் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. பாண்டியர் காலத்தில் துறைமுகம் கொற்கை. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் விலகிப்போக, வணிகம் காயல் என்ற ஊருக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ எழுதியது அந்தக் காயலைப் பற்றித்தான். அதுவும் தூர்ந்த பிறகு தூத்துக்குடி தலையெடுத்தது.

என் பெரியப்பா தூத்துக்குடியில் ஒரு கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், கணக்கு எழுதினார். பள்ளி விடுமுறைக்கு அங்கே போவேன். உள்ளே நுழைந்ததும் காய்ந்த வைக்கோலும் தேயிலையும் கலந்தது போல ஒரு வாசம் வரும். கூரை வரைக்கும் நிலாவரை இலைச் சிப்பங்கள். சாக்குத் தையல் வழியாக ஒரு இலையை உருவி எடுத்தால், "வாயில போட்டுறாதல, வயித்தால போகும்" என்பார் பெரியப்பா. நம் கரிசல் காட்டில் மானாவாரியாக விளைகிற அந்த இலைக்கு உலக மருந்துச் சந்தையில் 'டின்னவேலி சென்னா' என்று பெயர். திருநெல்வேலி என்ற பெயர் கப்பலேறிப் போனது அப்படித்தான்.

அப்படியானால் துறைமுகத்தைப் பற்றி நம் மனத்தில் ஏன் லாரியும் கடத்தலும் மட்டும் நிற்கின்றன? எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். அது நம் கண்ணில் படுவதில்லை. அந்தக் காலத்தில் கரையோரம் ஆழம் கிடையாது. கப்பல் சில மைல் தள்ளி நங்கூரம் போடும். சரக்கைத் தோணியில் ஏற்றி அங்கே கொண்டுபோக வேண்டும். மூட்டை தூக்குவதும் கூலி வாங்குவதும் சண்டை போடுவதும் ஊர் பார்க்க நடந்தன. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்தபோது, கடலே இல்லாத திருநெல்வேலி தெருவில் இறங்கியது. துப்பாக்கிச்சூடு வரை போனது. கப்பலைத் தன்னுடையது என்று அந்த ஊர் நினைத்தது.

1974-ல் புதிய துறைமுகம் மத்திய அரசின் 'பெரிய துறைமுகங்கள்' பட்டியலில் சேர்ந்தது. கடலுக்குள் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள். கப்பல் நேராகத் தளத்துக்கே வந்தது, நல்ல விஷயம். ஆனால் வேலை முழுக்க மதிலுக்குள் போய்விட்டது. வெளியே வருவது லாரியும் தூசியும் செய்தியும்தான். செய்தியிலும் பிடிபட்டது மட்டும்தான் வரும். அன்றைக்கு ஒழுங்காக இறங்கிய உரமும், கொல்லத்துக்கும் மார்த்தாண்டத்துக்கும் போன முந்திரிக்கொட்டையும், ஏறிய திருப்பூர் பனியனும் செய்தி ஆகாது. அங்கே இருக்கும் அனல்மின் நிலையம் 210 மெகாவாட் வீதம் 5 அலகுகளாகக் கட்டப்பட்டது. அதற்குக் கரி கப்பலில் வருகிறது. அந்த மின்சாரம் நம் வீட்டுக்கும்தான்.

கரித்தூசி பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். அந்தத் தூசியில் குடியிருப்பவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். துறைமுகங்கள் தங்கள் பெருமையை டன் கணக்கில் மட்டும் சொல்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. எத்தனை லட்சம் டன் என்று விளம்பரம் போடுகிறார்கள். அதில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது என்று யாரும் சொல்வதில்லை. பள்ளிப் பிள்ளைகளை மாதம் ஒருநாளாவது உள்ளே கூட்டிப்போய் ஒரு கப்பல் எப்படிக் காலியாகிறது என்று காட்டலாம். நான் கேட்பது அவ்வளவுதான்.

போன மாதம் பழைய துறைமுகத்துப் பக்கம் போயிருந்தேன். மாலத்தீவுக்கு ஒரு தோணியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தண்டல் (தோணியின் தலைவர்) ஒவ்வொரு மூட்டையையும் கையால் அழுத்திப் பார்த்து, ஈரமாக இருந்த இரண்டைத் திருப்பி அனுப்பினார். "ஒண்ணு அழுகினா போய்ச் சேர்றதுக்குள்ள பத்து அழுகிரும்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், நானும் கூட வருகிறேன்.

அன்புடன்.