கைக்குழந்தையோடு கோடைப் பனிச்சறுக்கு

கேள்வி: ஜூலையில் எங்கள் பாப்பாவுக்கு 5 மாதம் முடிந்திருக்கும். நானும் கணவரும் பனிச்சறுக்குப் பிரியர்கள். அவளையும் கூட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்தின் செர்மாட் போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள், ஆனால் கோடையில் சறுக்கல் நடக்கும் மலை உச்சிப் பனியாற்றுக்குப் பாப்பா வர வேண்டாம். செர்மாட் ஊர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே இருப்பார்கள். பனியாற்றுக்குப் போகும் கேபிள் கார் போய் நிற்கும் க்ளைன் மேட்டர்ஹார்ன் சிகரமோ 3,883 மீட்டர், அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை, ஏற்றமும் வேகமாக நடப்பதால் காது அடைத்து வலிக்கும், தலைவலி, குமட்டல் என்று அவளால் சொல்லவும் முடியாது, அழ மட்டும்தான் முடியும். அப்புறம் வெயில். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீனை நம்பாமல் நிழலில் வைப்பதே நல்லது.

சரி, நீங்கள் எப்படிச் சறுக்குவது? கோடையில் மதியத்துக்குள் பனி இளகிவிடும், அதனால் சறுக்கல் காலையில்தான். ஒரு நாள் நீங்கள், மறுநாள் அவர், மற்றவர் ஊரில் பாப்பாவோடு. பாட்டியோ சித்தியோ கூட வந்தால் இன்னும் நிம்மதி. அவளை மார்பில் கட்டிக்கொண்டு சறுக்கும் எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம், விழாத ஆள் கிடையாது.

ஊரில் பெட்ரோல் கார்களுக்கு அனுமதி இல்லை, பக்கத்து ஊரான டேஷிலிருந்து ரயில்தான். சாமானைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் குழந்தை மருத்துவரைப் பாருங்கள், சளி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.