மூன்று மாத சுகர் குறைந்திருக்கிறது, மருந்தைக் குறைக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. 18 வருடமாகச் சுகர். சிறுநீரகப் பாதிப்பு நான்காம் நிலையில் இருக்கிறது, சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 24. ஹீமோகுளோபின் 8.6க்கு இறங்கியதால் மூன்று மாதமாக எரித்ரோபாய்ட்டின் ஊசியும் இரும்புச்சத்தும் கொடுக்கிறார்கள். இப்போது எடுத்த ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாத சுகர், 6.2. முன்பு 8.1 இருந்தது. சாப்பாடும் மருந்தும் மாறவில்லை. வீட்டில் விரலில் குத்திப் பார்த்தால் வெறும் வயிற்றில் 150, சாப்பிட்ட பின் 220 என்றே காட்டுகிறது. இன்சுலினைக் குறைக்கலாமா? பாராதைராய்டு ஹார்மோன் 210 என்றும் வந்திருக்கிறது, பயமாக இருக்கிறது.

பதில்: அந்த 6.2ஐ மட்டும் வைத்து இன்சுலினில் கை வைக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கருவிதான் இப்போது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

காரணம் அப்பாவின் சிவப்பணுக்களில் இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் சர்க்கரை, சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்ளும். எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் ஹெச்பிஏ1சி அளக்கிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற கணக்கில்தான் இதை 'மூன்று மாத சுகர்' என்கிறோம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்த ஆயுள் குறைந்துவிடுகிறது. அதோடு, எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு உண்டாக்கச் சொல்லும் எரித்ரோபாய்ட்டினைச் சுரப்பதே சிறுநீரகம்தான். அது போதாததால் ஊசியாகக் கொடுக்கிறார்கள். ஊசி வேலை செய்ததும் புது அணுக்கள் வரிசையாக வந்து சேர்கின்றன. நேற்று வாங்கிப் போட்ட நாற்காலியில் எவ்வளவு தூசி படிந்திருக்கும்? அதுபோல, புது அணுக்களில் சர்க்கரை ஒட்ட நேரமே இருந்திருக்காது. சதவீதம் இறங்கிவிடும், சுகர் இறங்கியிருக்காது.

இரும்புச்சத்துக் குறைவு இதற்கு நேர்மாறாக ஹெச்பிஏ1சியைக் கூட்டிக் காட்டக்கூடும். எனவே பழைய 8.1கூட கொஞ்சம் மிகையாக இருந்திருக்கலாம். ரத்தம் ஏற்றியிருந்தாலும் கணக்கு கலைந்துவிடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். வழக்கமான சூத்திரப்படி 6.2 என்றால் சராசரி சர்க்கரை சுமார் 131 இருக்க வேண்டும். அப்பாவுக்கு வெறும் வயிற்றிலேயே 150. இரண்டும் ஒத்துப்போகவில்லை. அப்படி ஒத்துப்போகாதபோது, ஹெச்பிஏ1சியை ஓரமாக வைத்துவிட்டு நேரடியாக அளந்த சர்க்கரையைத்தான் நான் நம்புவேன்.

ஆனால் இன்னொரு சாத்தியத்தையும் விட்டுவிடக் கூடாது. உடம்பில் இருக்கும் இன்சுலினில் ஒரு பங்கைச் சிதைத்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளரத் தளர, அதே அளவு ஊசி அதிக நேரம் உடம்பில் நிற்கும், நடு ராத்திரியில் சர்க்கரை சத்தமில்லாமல் இறங்கும். விடியற்காலை வியர்வை, தலைவலி, குழப்பமான பேச்சு ஏதாவது இருந்ததா என்று அப்பாவிடம் கேளுங்கள். ஒரு வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது ராத்திரி 2 மணி அல்லது 3 மணிக்கு எழுப்பிப் பாருங்கள். 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பழச்சாறு வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கிறது. அப்படி இறங்கியிருந்தால், அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அப்போது இன்சுலினைக் குறைக்கத்தான் வேண்டும், அளவை அவர் சொல்வார்.

கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் குளுக்கோஸ் சென்சார் 14 நாள் போட முடிந்தால், பகலும் ராத்திரியும் என்ன நடக்கிறது என்று தெளிவாகத் தெரிந்துவிடும். ஃப்ரக்டோசமைன், கிளைகேட்டட் அல்புமின் என்ற பரிசோதனைகளும் உண்டு, இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும். ஆனால் சிறுநீரில் புரதம் நிறையப் போகிறவர்களுக்கு அவையும் தவறாக வரலாம்.

சரி, பாராதைராய்டு ஹார்மோன். ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது இதுதான். வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதும், மிச்சப் பாஸ்பரஸை வெளியேற்றுவதும் சிறுநீரகத்தின் வேலை. இரண்டும் குறையும்போது கால்சியத்தைச் சரிக்கட்ட இந்த ஹார்மோன் ஏறும். உங்கள் அப்பாவின் நிலையில் இது ஏறுவது வழக்கம்தான். ஒரே ஒரு எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி மூன்றையும் சேர்த்து, சில மாத இடைவெளியில் ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்த்துத்தான் மருந்து முடிவாகும். அப்புறம், முடி வளர என்று பயோட்டின் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா? சில பரிசோதனை முறைகளில் அது ஹார்மோன் அளவையே மாற்றிக் காட்டும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை போகும்போது இரண்டு வார விரல் அளவுகளை நேரத்தோடு எழுதி எடுத்துப் போங்கள். அதே தாளின் மேலே எரித்ரோபாய்ட்டின் தொடங்கிய தேதி, இரும்புச்சத்து கொடுத்த தேதி, ரத்தம் ஏற்றியிருந்தால் அந்தத் தேதி, மூன்றையும் குறித்துவையுங்கள். 6.2ஐப் பார்க்கும் மருத்துவர் அதற்குப் பக்கத்திலேயே இதையும் பார்க்க வேண்டும்.