குடுமிக்குக் கீழே மெல்லிய மண்டை

கேள்வி: ஒரு சேவல், மூன்று பெட்டை என, தலையில் இறகுக் குடுமி உள்ள பாலிஷ் கேப் இனக் கோழி வளர்க்கிறேன். அதே கூண்டில் சாதாரணக் கோழிகளும் இருக்கின்றன. அவை கொத்தியதில் ஒரு பெட்டைக்குத் தலையில் காயம். இன்குபேட்டரில் வைத்த ஒன்பது முட்டையும் கூமுட்டை. குடுமி இன்னும் பெரிதாக வரும்படி குஞ்சு எடுக்க வழி சொல்லுங்கள்.

பதில்: முதலில் காயம்பட்ட பெட்டையைத் தனியே எடுத்து வையுங்கள். குஞ்சைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

சாதாரணக் கோழிக்குத் தலையில் கொத்து விழுந்தால் பெரும்பாலும் தோல்தான் கிழியும். இந்த இனத்துக்கு அப்படியல்ல. குடுமியை விலக்கி மெதுவாகத் தடவிப் பாருங்கள், மண்டை உருண்டையாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பில் எலும்பு முழுதாக மூடாமல் அங்கங்கே ஓட்டை இருப்பதுண்டு. அந்த இடத்தில் தோலுக்கு அடியில் மூளைதான். 1868-ல் வெளியான தன் நூலிலேயே டார்வின் இந்த ஓட்டை மண்டையைப் பற்றி எழுதியிருக்கிறார். சில கோழிக்கு வளர வளர மூடிக்கொள்ளும், சிலவற்றுக்குக் கடைசிவரை மூடாது. ஒரே கொத்தில் உயிர் போகலாம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பெட்டை தள்ளாடினாலோ, கழுத்தைத் திருகினாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். காயம் ஆறிய பிறகும் சாதாரணக் கோழிகளோடு விட வேண்டாம். குடுமிக் கோழிகளுக்கென்று தனிக் கூண்டு அவசியம்.

சரி, கூமுட்டை விஷயம். ஏழாம் நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நரம்பு ஓடாமல் தெளிவாக இருந்ததா? அப்படியானால் கருவே கூடவில்லை. என் சந்தேகம் சேவலின் கண்மேல். பெட்டையின் குடுமி பந்துபோல் உருண்டு நிற்கும். சேவலுக்கோ இறகு நீளமாக, ஒல்லியாக வளர்ந்து கண்ணை மறைத்துவிடும். பெட்டை எங்கே நிற்கிறது என்று தெரியாத சேவல் எப்படி அணையும்? கண்ணைச் சுற்றியுள்ள இறகை முனை மழுங்கிய கத்தரியால் வெட்டிவிடுங்கள். புதிதாக முளைக்கும் குருத்து இறகில் ரத்தம் ஓடும், அதை மட்டும் தொடாதீர்கள். வெட்ட மனசில்லையென்றால் மெல்லிய ரப்பர் வளையத்தால் தளர்வாகத் தூக்கிக் கட்டலாம். கையில் பிடித்திருக்கும்போதே இறகின் அடியையும் பாருங்கள். பேன் முட்டை கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் இடம் அது. மருந்துப் பொடி போட்டால் கண்ணில் விழாமல் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்துக்கு வாய் குறுகலாக இருக்கட்டும். குடுமி நனைந்து ஊறினால் கண்ணில் சீழ் கட்டும்.

குடுமி பெரிதாக வேண்டும் என்ற ஆசை புரிகிறது, அந்த அழகுக்குத்தானே இந்தக் கோழியை வாங்குகிறோம். குடுமிக்கான மரபணு தாய், தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால் குடுமி பெரிதாகும், ஒரு பக்கம் மட்டும் வந்தால் சிறிதாகும். உங்கள் கோழிகள் கலப்பில்லாதவை என்றால் குஞ்சுகளுக்குக் குடுமி தானாகவே வரும். அதற்கு மேலும் பெரிதாக்க, கண் தெரியாத அளவு அடர்ந்த சேவலையும் பெட்டையையும் தேடிப்பிடித்துச் சேர்ப்பதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. பக்கத்தில் போனால் மிரளாத, தானே தீனியைக் கண்டுபிடித்துத் தின்கிற பெட்டையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இறகு வெட்டி இரண்டு வாரம் கழித்து முட்டை சேர்க்கத் தொடங்கலாம். இந்த இனப் பெட்டைகள் அடை உட்காருவது அபூர்வம். அதனால் இன்குபேட்டரே போதும், 21 நாள்.